நாய் திரும்பி வராத படம்

பேருந்து டிப்போவின் ஸ்டோர் கீப்பருக்கு இரண்டு வேலை. பகலில் கிளட்ச் பிளேட்டும் ஃபேன் பெல்ட்டும் எடுத்துக் கொடுப்பது ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் உலகத்துக்குப் புத்தி சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு வாசகர்கள் உண்டு. எது பெரிது என்று கேட்டால் மனுஷன் யோசிக்காமல் வாசகர்களைத்தான் காட்டுவார்.

இணையத்தில் அவருக்கு ஒரு வலைப்பதிவு இருந்தது. பார்த்த படம், வீட்டில் கிடக்கும் நகவெட்டி, குடை, துணி மாட்டுகிற கிளிப், எங்கோ படித்த ஒரு கட்டுரை, அங்கிருந்து ஒரே தாவலில் அரசியல். நகவெட்டியில் ஆரம்பித்து நாடாளுமன்றத்தில் கொண்டுபோய் முடிக்கிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதுவார். ஆயிரத்துச் சொச்சம் பேர் படித்தார்கள். ஆனால் ஒரே ஒரு ஆள் படிக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆள் அவருடைய அண்ணன். அண்ணனோடு நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை.

அண்ணன் வயர்மேன். வீடு வீடாகப் போய் வயரிங் பார்த்து, முட்டி தேய்ந்த பிறகு ஓய்ந்தவர். உடைந்த சாமானைத் தூக்கிப்போட அவருக்கு மனசே வராது. குடைக்குக் கம்பி மாற்றுவார், மிதியடிக்கு வார் மாற்றுவார், எதற்கும் மசியாததற்குக் கறுப்பு டேப் சுற்றுவார். அரசியலிலும் அப்படியேதான். "பழசு கெட்டுப்போயிருந்தாலும் எங்க கெட்டிருக்குன்னு நமக்குத் தெரியும்டா. புதுசுல வயர் எங்க போகுதுன்னே தெரியாது" என்பார். தம்பிக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் அடியோடு மாற்ற வேண்டும், அதுவும் நாளைக்கே மாற்ற வேண்டும் என்கிற கட்சி அவர். இரண்டு பேரும் வேறு வேறு சின்னத்துக்கு ஓட்டுப் போடுவார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தேர்தல் வந்தது. ஸ்டோர் கீப்பர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, 'டேப் சுற்றிய டார்ச்'. அவர் கண்டுபிடித்த தத்துவம் இது: உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். உடைந்ததைத் தூக்கிப்போடுகிறவர்கள், உடைந்ததற்கு டேப் சுற்றுகிறவர்கள். உதாரணத்துக்கு என்ன, வெளியே போய்த் தேட வேண்டுமா? 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் ஒரு டார்ச் இருக்கிறது. நாற்பத்தைந்து வருஷமாக அதற்கு டேப் சுற்றிக்கொண்டே இருக்கிறார். இப்போது அதில் டார்ச்சைவிட டேப்தான் அதிகம். இப்படிப்பட்டவர்கள்தான் உடைந்த ஆட்சிக்கும் டேப் சுற்றுகிறார்கள்' என்று எழுதிவிட்டார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் கட்டுரைக்குக் கீழே 'வயர்மேன்' என்ற பெயரில் ஒரு கமெண்ட் வந்தது. "டேய் மண்டு, அந்த டார்ச்சை உடைச்சது நீ. அப்பாகிட்ட அடி வாங்கினது நான். அதையும் சேர்த்து எழுது."

அவ்வளவுதான். கட்டுரைக்கு வந்த கைதட்டலெல்லாம் அங்கே போய்ச் சிரிப்பாக மாறிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் சிரித்தார்கள். டிப்போவுக்குப் போனால் ஒரு மெக்கானிக் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன சார், டேப் ஒரு ரோல் கிடைக்குமா? டார்ச்சுக்கு வேணும்" என்றான். ஸ்டோர் கீப்பருக்கு முகம் செத்துப்போயிற்று. ரேக்குகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு அண்ணனுக்கு போன் போட்டார்.

"நாலு பேர் படிக்கிற இடத்துல என் மானத்தை வாங்கிட்டியே!"

"நாலு பேர் படிக்கிற இடத்துல என்னைப் பத்தி நீ எழுதலாமா?"

"அது கட்டுரை!"

"இது கமெண்ட்டு" என்றார் அண்ணன், அலட்டிக்கொள்ளாமல்.

தம்பி பட்டென்று போனை வைத்தார். அண்ணன் திரும்ப மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் கட் பண்ணினார். அதோடு நிற்கவில்லை. தேர்தல் சமயத்தில் எவனெவனோ வந்து திட்டுகிறான் என்று தன் பக்கத்தில் ஒரு தடுப்புப் பட்டியல் வைத்திருந்தார். அதில் இருக்கிற ஒரு வார்த்தை கமெண்ட்டில் வந்தாலும் அது நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும், அவருக்கு மணி கூட அடிக்காது. நாற்பது வார்த்தை இருந்தது. வயர்மேனின் கமெண்ட்டை அழித்த கையோடு நாற்பத்தொன்றாவதாக 'மண்டு'வைச் சேர்த்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அண்ணன் அவரைக் கூப்பிடுவது அப்படித்தான். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு இருந்த கோபத்தில் அது வெறும் வசவு. பட்டியலில் ஏற்றினார், மறந்துபோனார்.

குப்பைத்தொட்டியை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அதற்குக் காரணம் டிப்போ. அங்கே ஒரு சாமான் உதவாது என்று முடிவானால் 'கண்டம்' என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப் பின்பக்க ஷெட்டில் போட்டுவிடுவார்கள். கண்டம் பண்ணின சாமானைத் திரும்ப எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஏதாவது ஒன்று நன்றாக இருப்பதுபோலத் தெரியும், எடுத்து வைக்கத் தோன்றும், அப்புறம் ஸ்டோரே ஷெட்டாகிவிடும். முப்பது நாளில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். இருபத்தாறு வருஷம் இந்தச் சட்டத்தைப் பிசகாமல் காத்தவர் அவர். வலைப்பதிவிலும் அதே முப்பது நாள், அதே சட்டம். அங்கே லாரி கூடத் தேவையில்லை, தானாகவே அழிந்துவிடும்.

வருஷங்கள் ஓடின. கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. வீம்பு மட்டும்தான் மிச்சம். அண்ணன் வீடு இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும். அதுவும் டிப்போக்காரருக்கு பஸ் என்ன பெரிய விஷயமா? ஆனாலும் போகவில்லை. 'நான் ஏன் முதல்ல போகணும்? நான் எழுதறது ஊர்பூரா படிக்குது. அவர் ஒரு வரி எழுதினா விரலா தேஞ்சிடும்?' என்று வீட்டில் மனைவியிடம் பொருமுவார். வெள்ளிக்கிழமை பதிவைப் போட்டுவிட்டு, சனி ஞாயிறு முழுக்க கமெண்ட் போட்ட பெயர்களை மேலிருந்து கீழே விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். வயர்மேன் என்ற பெயர் இருக்காது. 'கல்நெஞ்சக்காரர்' என்று முணுமுணுத்துக்கொண்டு மூடுவார்.

போகப் போக அண்ணனுக்குத் தூண்டில் போடுவதற்கென்றே எழுத ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஏறி இறங்கிய ஏணியைப் பற்றி எழுதினார். அண்ணன் பல்லால் கடித்தே தோலுரிக்கிற வயரைப் பற்றி எழுதினார். பேர் சொல்லாமல்தான், ஆனால் படித்தால் தெரியும். மீன் கடிக்கவில்லை.

கடைசியாக, பெரிய தூண்டிலாக, சின்ன வயசில் அண்ணனோடு பார்த்த ஒரு படத்தைப் பற்றி எழுதினார்.

அப்போது அவருக்கு ஏழு வயசு, அண்ணனுக்குப் பதின்மூன்று. ஒரு மத்தியான ஆட்டம். ஒரு லாரி டிரைவர், அவரோடு ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு நாய். இடைவேளைக்குக் கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பாலத்துப் பக்கத்தில் நாய் தொலைந்துபோகிறது. தம்பி ஓவென்று அழ ஆரம்பித்தான். முன் வரிசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்து முறைத்தார். அண்ணன் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வீட்டுக்கு நடந்துகொண்டே மீதிக் கதையைச் சொன்னான். மழை பெய்யும், லாரி ஹார்ன் அடிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கிருந்தோ நாய் ஓடிவந்து, ஓடுகிற லாரியில் தாவி ஏறும். தம்பி அழுகையை நிறுத்தினான்.

'தொலைந்தது திரும்பி வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் படம்தான்' என்று ஸ்டோர் கீப்பர் எழுதினார். 'என் அரசியலே அங்கேதான் ஆரம்பித்தது. எவ்வளவு கெட்டுப்போனாலும் ஒரு ஹார்ன் சத்தம் போதும், எல்லாம் ஓடிவந்து ஏறிக்கொள்ளும்.' ஒரு வாசகர் தயங்கித் தயங்கி, 'சார், நான் பார்த்தப்ப கடைசியில நாய் வரலையே' என்று கேட்டிருந்தார். 'கவனமாகப் பாருங்கள், கண்ணைத் திறந்துகொண்டு' என்று இவர் பதில் போட்டார். பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் அவருக்கு.

அந்த நாய்க்கும் அண்ணன் வரவில்லை. அடுத்த வாரம் குடையைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டார், பதிவு போடவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மனைவியிடம், "நான் செத்தாக்கூட எங்கண்ணனுக்குத் தெரியப்போறதில்ல" என்றார். "வாயைக் கழுவுங்க" என்றாள் அவள். எழுந்து நடமாடியதும், அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பதிவைப் போட்டார்.

அடுத்து வந்த புதன்கிழமை, ஸ்டோரில் பேரிங் எண்ணிக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் வந்தது. "தம்பி" என்றாள். அழுகைக்கு நடுவே சொன்னாள். அண்ணனுக்கு நெஞ்சுவலி. காலையில் எழுந்து, பல் தேய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் எண்ணிக்கொண்டிருந்த பேரிங்குகள் தரையில் சிதறி உருண்டன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தார். ஏன் அதைச் செய்தோம் என்று பிற்பாடு எத்தனை தடவை யோசித்தும் அவருக்குப் புரியவில்லை. அண்ணன் செத்துப்போன செய்தியைக் கேட்டவன் செய்கிற காரியமா அது?

வந்த சொந்தக்காரர்களெல்லாம் போய், வீடு ஓய்ந்த செவ்வாய்க்கிழமை, அவர் மறுபடியும் அண்ணியைப் பார்க்கப் போனார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். மூஞ்சியைப் பார்க்காமலே வைத்தாள். அவளுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கடைசியில் அவளே உடைத்தாள்.

"ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வாரா வாரம் எழுதினாரே மனுஷன். ஒன்னே ஒன்னுக்கு பதில் போட்டிருக்கக்கூடாதா?"

"என்ன எழுதினார்? யாருக்கு?"

"நடிக்காதீங்க. உங்க கட்டுரைக்குக் கீழதான், வேற யாருக்கு? ஒத்தை விரல்ல தட்டுவார். ஒரு எழுத்தைத் தேட அரை மணி நேரம். மூணு நாள், நாலு நாள் உக்காந்து தட்டுவார். 'இந்தப் பய என்னமா எழுதறான் பாரு'ன்னு எனக்குப் படிச்சுக் காட்டுவார். அப்புறம் கமெண்ட்டை அனுப்பிட்டு, 'பதில் வந்திருக்கா பாரு, பதில் வந்திருக்கா பாரு'ன்னு என் உசிரை வாங்குவார்."

ஸ்டோர் கீப்பர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒன்னும் வரலையே அண்ணி. ஒன்னுகூட வரலையே. சத்தியமா வரலை."

"போனதுன்னுதான் காட்டுச்சு. ஆனா கீழ தெரியாது. நான் சொன்னேன், 'அவர் உங்களை அழிச்சிட்டே இருக்கார், உங்களுக்கு ரோஷமே இல்லையா'ன்னு. அதுக்கு என்ன சொல்வார் தெரியுமா? 'படிச்சிட்டுத்தானே அழிக்கிறான். படிக்கிறான்ல, அது போதும்'பார்."

"நேர்ல வந்திருக்கலாமே..."

"சொல்லாம இருப்பேனா? 'நான் வாசல்ல போய் நின்னா அவனுக்குச் சங்கடமாயிடும். அவன் எழுத்துலதான் குடியிருக்கான். அங்கயே போய்ப் பேசிக்கறேன்'னுட்டார்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் எப்படி ஆரம்பிப்பார்னு உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படித்தான்."

அப்போதுதான் ஸ்டோர் கீப்பருக்கு நாற்பத்தொன்றாவது வார்த்தை ஞாபகம் வந்தது.

அங்கேயே, அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, கைபேசியில் குப்பைத்தொட்டியைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. ஊர்பேர் தெரியாதவர்களின் வசவு பக்கம் பக்கமாகக் கிடந்தது. அதற்கு நடுவே வயர்மேன் என்ற பெயர் நான்கு இடத்தில் இருந்தது. நான்கே நான்கு. இருநூறு வாரம் எழுதியிருப்பார், மிஞ்சியது நாலு. அடியிலிருந்து மேலே படித்தார்.

முதலாவதற்கு வயசு இருபத்தெட்டு நாள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அதுவும் இல்லை.

"டேய் மண்டு, அந்தப் படத்துல நாய் வராதுடா. நாம கிளம்பி வந்துட்டோமே, முடிவை நான் மட்டும் எங்க பார்த்தேன்? நீ அழுகையை நிறுத்தணும்னு நான் விட்ட ரீல் அது. பத்து வருஷம் கழிச்சு தனியாப் போய் முழுசாப் பார்த்தேன். நாய் வரலை. டிரைவர் ஹார்ன் அடிச்சிக்கிட்டே போறான், படம் முடிஞ்சிடுது. உன்கிட்டச் சொல்ல மனசு வரலை. உன் கட்சிக்கு நாய் திரும்பி வரும்னு நம்பிக்கை. என் கட்சிக்கு அது வராதுன்னு தெரியும். இருக்கிற லாரியையாவது ஒழுங்கா ஓட்டுவோம்னு பார்க்கிறவன் நான். அவ்வளவுதாண்டா நமக்குள்ள சண்டை. உன் முடிவுதான் நல்லா இருக்கு. அதையே வெச்சுக்கோ."

இரண்டாவது குடைக்கு. "டேய் மண்டு, குடைக்கம்பி துருப்பிடிச்சா தேங்காய் எண்ணெய் போடு. தூக்கிப் போட்டுடாதே."

மூன்றாவது, காய்ச்சல் வாரத்தில் வந்தது. "டேய் மண்டு, இந்த வாரம் ஒன்னும் காணோமே. உடம்பு சரியில்லையா? ஒரு புள்ளி வெச்சாவது போடு."

நான்காவது, அண்ணன் சாவதற்கு நாலு நாள் முன்னால். "டேய் மண்டு, வந்துட்டியா. சரி."

ஸ்டோர் கீப்பர் கைபேசியை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், படக்கொட்டகையில் அழுத அந்த ஏழு வயசுப் பையன் மாதிரியே வாய்விட்டு அழுதார். இந்தத் தடவை வெளியே தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. அண்ணிக்கு விஷயம் புரியவே வெகுநேரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. உள்ளே போய் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு டார்ச்சைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். புது டேப் சுற்றியிருந்தது. பொத்தானை அழுத்தினார், எரிந்தது.

வலைப்பதிவு நடத்துகிற நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். அழிந்தது அழிந்ததுதான், மீட்க வழியில்லை என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. கண்டம் பண்ணின சாமானைத் தேடி இருபத்தாறு வருஷத்தில் யாராவது வந்தால் இவர் சொல்கிற பதிலும் அதுவேதான். தும்பை விட்டு வாலைப் பிடித்து என்ன பண்ண?

தடுப்புப் பட்டியலைத் திறந்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்தார். நாற்பது அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பதிவு போட்டார். டார்ச்சை உடைத்தது நான், அடி வாங்கியது அண்ணன். அந்தப் படத்தில் நாய் திரும்பி வராது, கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தவர் மன்னிக்கவும். இவ்வளவுதான் பதிவு. அரசியல் ஒரு வரி இல்லை. ஆறுதல் சொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். பெயர்களை மேலிருந்து கீழே விரலால் தள்ளிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

திங்கட்கிழமை ஸ்டோரில் இருந்தபோது சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"டேய் மண்டு" என்று ஆரம்பித்திருந்தது.

அவருக்கு மூச்சு நின்றுபோனது. பிறகு பெயரைப் பார்த்தார். யாரோ ஒருவன், முன்பின் தெரியாதவன். போன தேர்தலில் இவர் எழுதிய ஏதோ ஒரு பழைய பதிவை இப்போதுதான் படித்திருக்கிறான். 'உன் கட்சி நாட்டையே குட்டிச்சுவராக்கிடுச்சு, நீயெல்லாம் எழுத வந்துட்டே' என்று பத்து வரி விளாசியிருந்தான். பழைய ஸ்டோர் கீப்பராக இருந்தால் இருபது வரியில் அவனைப் பொசுக்கியிருப்பார். இல்லை, ஒரு தட்டில் கண்டம் பண்ணியிருப்பார்.

முழுசாகப் படித்தார். மறுபடியும் முதல் வரிக்குப் போய்ப் படித்தார். அப்புறம் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"சொல்லுங்கண்ணே."

அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கவுண்டரில் மெக்கானிக் இரண்டு தடவை கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை.